பத்தாயத்தின் அடித்தட்டு

சுனிதா செம்பகப்பற்றுக்கு முதன்முதலாக வந்தது 2011-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை. நாகர்கோவிலிலிருந்து வந்த கார் குளத்தங்கரையில் திரும்பியபோது, தாமரை இலைகளுக்கு நடுவே நாரைகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. கரை முடியும் இடத்தில், புளியமர நிழலில், ஓடு சரிந்த மூன்று கட்டிடங்கள் ஒரு நெற்களத்தைச் சுற்றி நின்றன. மாடுகள் கட்டிய தொழுத்து. வைக்கோல் புரை. இரண்டுக்கும் நடுவில், மற்றவற்றைவிட உயரமாக, பத்தாயப்புரை.

களத்துவீடு என்று ஊரில் பெயர். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் பொன்னுலிங்கம் ஒருவர்தான். திருவனந்தபுரத்தில் டாக்டர். அவர் அந்த இடத்தை ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பழைய கட்டிடங்களைச் சீராக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பறவைகளையும் பழைய விவசாயத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மையமாக்குவது என்று திட்டம். பழைய கட்டிடங்களைப் புதுப்பிக்கும் கட்டிடக்கலைஞர் சுனிதா. அதுவரை அடுத்தவர் பெயரில்தான் வேலை செய்திருந்தாள். இது அவளுடைய பெயரில் வந்த முதல் வேலை.

பத்தாயப்புரையின் கதவைத் திறந்தபோது உள்ளே வௌவால் வாடை அடித்தது. அறையை முழுக்க அடைத்துக்கொண்டு பத்தாயம் நின்றது. அயனிப் பலகையில் செய்த நெற்பெட்டி. பெட்டி என்றாலும் அதற்குள் பத்துப் பேர் நிற்கலாம். முன்பக்கத்தில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகி மூடுவார்கள். மேலே மச்சில் ஒரு சதுரத் திறப்பு. அறுவடைக் காலத்தில் ஆட்கள் மச்சில் ஏறி அதன் வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். கீழே யாரும் பார்க்க வேண்டியதில்லை. சத்தத்தை வைத்தே நிறைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வார்கள்.

சுனிதா பலகையைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கரையான் தொடவில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சித்திரையில் ஓடுகளை மாற்றி முடித்துவிட்டு, பத்தாயத்தின் அடித்தட்டைப் பிரித்தார்கள். அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மரவேலையும் கொத்துவேலையும் சேர்த்துப் பார்த்தவர் யேசுரத்தினம். மற்ற ஆட்கள் சாப்பிடப் போயிருந்த உச்சிப்பொழுதில், உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"மேடம், இஞ்ச ஒண்ணு வாருங்க."

பலகைக்கும் அஸ்திவாரக் கல்லுக்கும் இடையே முழங்கால் அளவுக்கு ஒரு குழிவு. அதில், முழங்காலை மார்போடு மடக்கிச் சரிந்து கிடந்தது ஒரு எலும்புக்கூடு. சிறிய உருவம். கைப்பக்கம் கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டுகள். மண்டையோட்டோடு ஒட்டி, இன்னும் மக்காமல், ஒரு பின்னல்.

வாய் அகலத் திறந்திருந்தது.

வாய் நிறைய உமி.

யேசுரத்தினம் சிலுவை போட்டுக்கொண்டார். "பெண்பிள்ளையாக்கும் மேடம். வளரும் பிள்ளை."

சுனிதா வெளியே வந்து பொன்னுலிங்கத்துக்குப் போன் செய்தாள். "பாட்டா காலத்துல என்னென்னவோ நடந்திருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் ஆச்சரியம் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

போலீசுக்குச் சொன்னால் இடத்தைப் பூட்டுவார்கள். பூட்டினால் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆடியில் திறப்பு விழா. கலெக்டர் தேதி கொடுத்தாகிவிட்டது. செத்தவள் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று, கொன்றவனும் செத்திருப்பான், இனி யாருக்கு என்ன? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் திரும்ப உள்ளே போனாள்.

"மணலைப் போட்டு மூடுங்க. மேல பலகையை அடிங்க. திறப்பு விழா முடியட்டும். பெறகு பாக்கலாம்."

யேசுரத்தினம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு ஜெபமாவது சொல்லலாமா மேடம்?"

"சீக்கிரம் சொல்லுங்க. ஆளுங்க வந்திருவாங்க."

அந்த "சீக்கிரம்" பிறகு பல நாள் அவள் காதில் ஒலித்தது.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. யேசுரத்தினம் முதுகுவலி என்று சொல்லி வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த நாட்களில்தான் சமையலுக்கும் பெருக்குவதற்கும் தாணம்மாள் வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊர்க்காரி. ஐம்பது தாண்டிய வயது. நெற்றியில் வெள்ளை நாமம், அய்யாவழிக்காரி. எந்த வேலையைத் தொடங்கினாலும் "அய்யா உண்டு" என்று சொல்லித் தொடங்குவாள். தொழுத்தின் ஒரு மூலையில் அடுப்பு மூட்டி, ஆட்களுக்குச் சோறும் மரச்சீனிக்கிழங்கும் அவித்துப் போட்டாள்.

ஒரு மதியம் சோறு பரிமாறும்போது தானாகவே சொன்னாள்.

"இந்தக் களத்துல எனக்க அக்காவும் வேல செய்திருக்கா மக்ளே. கிருஷ்ணமணின்னு பேரு. எனக்கு அப்பம் ஆறு வயசு. கும்பப்பூ அறுவடைக்கு வந்தவ திரும்பி வரல்ல."

சுனிதாவின் கை இலையில் நின்றது.

"மடியில நெல்ல ஒளிச்சான்னு காரியஸ்தன் பிடிச்சு நிறுத்துனானாம். கூட வேல செய்தவங்க பாத்திருக்காங்க. அதுக்குப் பெறகு கேட்டதுக்கு, சாயங்காலமே அவ ஒரு சுமட்டுக்காரன்கூட கொல்லத்துக்கு பஸ்ஸேறிப் போயிட்டான்னு சொன்னான். அப்பா கொல்லம், புனலூர் எல்லாம் தேடி நடந்தாரு. ஓடிப்போனவளுக்க வீடுன்னு எங்களுக்குப் பேரு விழுந்துட்டு. அம்மை மட்டும் நம்பல்ல. சாகும்வரைக்கும் நம்பல்ல." தாணம்மாள் குழம்பை ஊற்றினாள். "நானும் கொல்லத்துக்காரங்க ஆரெப் பாத்தாலும் கேப்பேன். அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும் இல்லியா?"

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். சுனிதாவுக்கு அது தெரிந்தே இருந்தது.

"இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்துதான் சத்தம் தொடங்கியது.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும் மதியங்களில், பத்தாயப்புரையிலிருந்து சரசரவென்று ஒரு ஓசை. மச்சுத் திறப்பின் வழியாக நெல் சொரிகிற ஓசை. சுனிதா ஓடிப்போய்ப் பார்ப்பாள். பத்தாயம் காலியாக இருக்கும். மச்சில் தூசுகூட அசைந்திருக்காது. ஆனால் அப்போதுதான் அவித்து இறக்கியதுபோலப் புழுங்கல் நெல்லின் வாசனை மட்டும் அறை முழுக்க நிற்கும். அந்தக் கட்டிடத்துக்குள் நெல் வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

பிறகு உடம்பில் சுணை. களத்தில் நெல் தூற்றியவளுக்கு அரிப்பதுபோல் கழுத்து, முழங்கை, முதுகு எல்லாம் அரித்தது. எத்தனை முறை குளித்தும் போகவில்லை.

தாணம்மாளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் பத்தாயத்துக்குள் ஏறி, அடித்தட்டில் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள்.

"இஞ்ச கெடந்தா நல்ல ஒறக்கம் வருது மக்ளே. ஆரோ தலையைக் கோதிவிடுகது போல இருக்கு."

ஒருநாள் சுனிதா அவளை எழுப்பப் போனாள். சிறுபிள்ளைபோல் சுருண்டு, கன்னத்தைப் பலகையோடு சேர்த்து வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள் தாணம்மாள். எப்போதும் அள்ளி முடிந்திருக்கும் அவளுடைய நரைத்த தலைமயிர், இரண்டு பக்கமும் பிரித்து, இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தைக்குப் பின்னுவதுபோல.

எழுந்தவள் பின்னலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மக்ளே, வெளையாட்டா? நீங்களா பின்னுனீங்க?"

சுனிதா பின்னுக்கே நகர்ந்து பத்தாயத்தை விட்டு இறங்கினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனியில், ஒரு ஒத்திகைக்காகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்து வந்தான் வினோஜ். பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க நியமிக்கப்பட்டவன். குளத்தில் நீர்க்காகங்களைக் காட்டிவிட்டு, பிள்ளைகளைப் பத்தாயத்துக்குள் ஏற்றி உட்கார வைத்தான். சிறிது நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சுனிதா எட்டிப் பார்த்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்திருந்தார்கள். ஒருத்தி விரலை மடக்கி, டொக் டொக் என்று தட்டினாள்.

கீழிருந்து டொக் டொக் என்று பதில் வந்தது.

பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். "இன்னும் ஒருக்க, ஏட்டி! இன்னும் ஒருக்க!"

"எலியா இருக்கும்" என்றான் வினோஜ். ஆனால் அவன் சிரிக்கவில்லை. "மேடம், அடியில என்ன இருக்கு?"

"மணல்" என்றாள் சுனிதா. "வெறும் மணல்தான்."

மறுநாள் மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. வேளிமலைப் பக்கம் மேகம் கறுத்து இறங்கி, மழை களத்தை அடித்துத் துவைத்தது. ஆட்கள் வரவில்லை. தாணம்மாள் எதிரே தொழுத்தில் அடுப்படியில் இருந்தாள். பத்தாயத்தின் உள்சுவரில் மாட்டவேண்டிய விளக்கப் பலகை அன்றுதான் அச்சாகி வந்திருந்தது. சுனிதா அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

"ஒரு ஊரின் பசியை ஆற்றிய பத்தாயம் இது." அவளே எழுதிய வரி. அதைப் படித்ததும் அவளுக்குக் கூசியது. மாட்டாமல் தரையில் வைத்தாள்.

தலைக்கு மேல் சரசரவென்று தொடங்கியது.

அண்ணாந்து பார்த்தாள். மச்சுத் திறப்பு கறுத்துக் கிடந்தது. எதுவும் விழவில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. கூடை கூடையாகக் கொட்டுகிற சத்தம்.

வெளியே போய்விடலாம் என்று காலை எடுத்தாள்.

கால் வரவில்லை.

கணுக்காலைச் சுற்றி ஏதோ இறுக்கியது. குனிந்து பார்த்தால் வெறும் பலகை. ஆனால் கணுக்கால் புதைந்திருந்தது. அந்த இறுக்கம் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது. கையால் தள்ளினாள். காற்றில் அவள் விரல்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மணிகள் நழுவி ஓடின. சொரசொரவென்று, சூடாக.

நெல்.

நெஞ்சுக்கு வந்துவிட்டது. மூச்சை வெளியே விட்டால், விட்ட இடத்தையும் அது நிரப்பியது. திரும்ப இழுக்க முடியவில்லை. முன்பக்கப் பலகைகள் ஒன்றுகூடச் சொருகப்படவில்லை. எல்லாம் திறந்தே கிடந்தது. மழை தெரிந்தது. மழைக்கு அப்பால் அடுப்பு வெளிச்சத்தில் தாணம்மாள் தெரிந்தாள். சுனிதா கத்தினாள். வாயைத் திறந்ததும் வாய் நிறைந்துவிட்டது.

இப்படித்தான் நடந்திருக்கிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. பயமுறுத்தத்தான் அடைத்திருப்பார்கள். உள்ளே ஆள் இருப்பது மேலே கொட்டியவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை கத்தியிருப்பாள். நெல் சத்தத்தில் கேட்டிருக்காது.

அல்லது கேட்டிருக்கும்.

கண் இருண்டு வரும்போது, கீழே, அவளுடைய கால் பெருவிரலை ஒரு சின்னக் கை பற்றியது. இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. கூட்டத்தில் பயந்த குழந்தை, பக்கத்தில் நிற்பவளின் விரலைப் பிடித்துக்கொள்வதுபோல வெறுமனே பற்றிக்கொண்டிருந்தது.

"மக்ளே! சாயா எடுத்தாச்சு!" தாணம்மாளின் குரல்.

எல்லாம் சட்டென்று விட்டது. சுனிதா பத்தாயத்திலிருந்து களத்து மழையில் உருண்டு விழுந்தாள். தாணம்மாள் ஓடிவந்து தூக்கி, முதுகில் அறைந்தாள். சுனிதா இருமினாள். இருமி இருமி உள்ளங்கையில் துப்பினாள்.

"அய்யா! என்ன மக்ளே இது? உமியா துப்புகது?"

மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

"அக்கா" என்றாள் சுனிதா. "உங்க அக்கா கொல்லத்துக்குப் போகல்ல."

தாணம்மாளின் கை அவள் முதுகிலேயே நின்றது. சுனிதா எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு வளையல், பின்னல், வாயில் இருந்தது, மணல், பலகை. அழுதுகொண்டு சொன்னாள். தாணம்மாள் அழவில்லை.

"எப்பம் பாத்தீங்க?"

"சித்திரையில."

"நான் எப்பம் வேலைக்கு வந்தேன்?"

"வைகாசியில."

மழைத் தண்ணீர் தாணம்மாளின் நாமத்தைக் கரைத்து மூக்கின் வழியாக வெள்ளையாக ஒழுகியது. "அப்பம், நான் அவளுக்க மேல கெடந்து ஒறங்குனது எல்லாம் நீ பாத்துகிட்டு இருந்திருக்க."

அதுவரை அவள் சுனிதாவை "நீ" என்று சொன்னதில்லை.

தாணம்மாள் எழுந்து நடந்து பத்தாயத்துக்குள் ஏறினாள். முழங்காலிட்டு, இரண்டு கையையும் அடித்தட்டில் பரப்பி வைத்தாள். "மணியக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஆறு வயசுப் பிள்ளையின் குரல் அது. "மணியக்கா, நான் தாணு."

மழைச் சத்தம் மட்டும்தான். ஆனால் தாணம்மாள் எதையோ கேட்டவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் வந்தது. யேசுரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மறுக்காமல் வந்து, தான் அடித்த பலகையைத் தானே பெயர்த்தார். மணலைக் கையாலேயே அள்ளினார். முன்பக்கப் பலகைகளின் உள்பக்கத்தை விளக்கு வைத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், நகத்தால் கீறிய வடுக்கள் என்றார். நெல்லை அள்ளும்போது பிணத்தைக் கண்டு, அடித்தட்டைப் பெயர்த்து அடியில் மறைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். அதே பலகையைத்தான் சுனிதா முதல் நாள் ஆசையோடு தடவியிருந்தாள். பொன்னுலிங்கம் ஒருமுறை வந்து, களத்துக்கு வெளியிலேயே காரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். தண்டிக்கப்பட வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. எலும்பை மறைத்ததைச் சுனிதா தானே எழுதிக் கொடுத்தாள். அறக்கட்டளை அவளை வேலையிலிருந்து நீக்கியது. திறப்பு விழா தள்ளிப்போனது.

ஆவணியில் அடக்கம். அவர்கள் வழக்கப்படி வடக்கே முகம் பார்த்து வைத்து, நாமம் இட்டு, மண்ணைத் தள்ளினார்கள். சுனிதா தென்னைகளுக்கு அப்பால் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் தாணம்மாள்தான் அவளிடம் வந்தாள்.

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல மக்ளே. அவளெ வெளிய எடுத்துத் தந்துட்டீங்க. ஓடிப்போனவளுக்க வீடுன்னு இனி ஒருத்தனும் சொல்லமாட்டான்." மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இனி களத்துக்கு வராதீங்க."

சுனிதா வரவில்லை. சுணை போய்விட்டது. சாப்பிட முடிந்தது. மறுவருடம் தையில் மையம் திறந்ததாகவும், பத்தாயப்புரையைத் தாணம்மாளே கவனித்துக்கொள்வதாகவும், வருகிற பிள்ளைகளுக்கு அக்காவின் கதையை ஒளிக்காமல் சொல்வதாகவும் வினோஜ் போனில் சொன்னான். அன்று சுனிதா நிம்மதியாகத் தூங்கினாள்.

பங்குனியில் ஒரு காலை. கோட்டாற்றில் ஒரு பழைய மளிகைக் கடையின் மாடியை அளந்துகொண்டிருந்தாள். கீழே தெருவில் மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல். போன் அடித்தது. தாணம்மாள்.

"களத்துக்கு வராதீங்கன்னு சொன்னேன் இல்லியா?" குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"நான் வரல்லியே அக்கா. கோட்டாத்துல நிக்கேன்."

போனில், தாணம்மாளுக்குப் பின்னால் பிள்ளைகள் யாரோ விசும்பும் சத்தம்.

"மக்ளே, அய்யா மேல சத்தியமா சொல்லு. நீ கோட்டாத்துலயா நிக்க?"

"சத்தியமா அக்கா. என்ன ஆச்சு?"

"காலையில பிள்ளைகளுக்குக் காட்டுகதுக்காகப் பலகையெல்லாம் சொருகி பத்தாயத்தெ மூடுனேன். மூடுனதும் உள்ளருந்து சத்தம் கேக்குது. தொறந்து பாத்தா ஆருமில்ல. மூடுனா திரும்பவும் கேக்குது." தாணம்மாளின் மூச்சு இரைத்தது. "மணியக்கா இல்ல மக்ளே. அவ போயாச்சு. இது வேற. இரு, நீயே கேளு."

அவள் போனைப் பலகையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். மரத்தில் எதுவோ உரசியது. பிறகு யாரோ கஷ்டப்பட்டு மூச்சை இழுக்கும் சத்தம்.

பிறகு ஒரு பெண்குரல். வெகுநேரமாகக் கூப்பிட்டுக் களைத்த குரல்.

சுனிதாவின் குரல். அந்த ஆனி மழையில், வாய் நிறைந்து வெளியே வராமல் போன குரல்.

"தாணம்மக்கா, தொறங்க. நான் உள்ள இருக்கேன்."